வடகரையில் ஒரு பயிற்சிக் கொலை வழக்கு: மணலும் உப்பும் மீன் ரத்தமும்

ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளியில் நின்று வடக்கே போனால் பாக் நீரிணைக் கடல். தெற்கே போனால் மன்னார் வளைகுடா. நடுவில் இருப்பது சில கிலோமீட்டர் அகல நிலம்தான். ஆடியில் கச்சான் காற்று வீசும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போலக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை இறங்கிவிட்டால் நிலைமை தலைகீழ். பள்ளி மாணவர்களுக்குத் தடயவியலைக் கரையிலேயே வைத்துச் சொல்லித்தர இறங்கியபோது முதலில் பார்த்தது இந்தக் காற்றுக் கணக்கைத்தான். கிடைத்த நாட்கள் ஆடியில் வந்ததால், சம்பவ இடம் வடகரையில் அரியமான் பக்கம், சவுக்குத் தோப்பின் மறைவில் என்று முடிவானது. 9, 11 வகுப்பு மாணவர் 24 பேர், ஆறு ஆறு பேராக நான்கு குழு, மூன்று நாள்.

தடயவியல் கையேடுகளில் இருக்கும் செய்முறைகள் பெரும்பாலும் நான்கு சுவருக்குள், உலர்ந்த அறையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கடலோரத்தில் உப்பு, ஈரம், பறக்கும் மணல், மீன் ரத்தம் நான்கும் எங்கும் இருக்கின்றன. எந்தச் சோதனையை எடுத்தாலும் இவற்றில் ஏதாவது ஒன்று, தடயம் இல்லாத இடத்தில் தடயம் இருப்பதாகக் காட்டிவிடும். ஆகவே சந்தேகப் பொருளைச் சோதிக்கும்போதெல்லாம், குற்றத்தோடு சம்பந்தமே இல்லாத அதே வகைப் பொருள் ஒன்றையும் பக்கத்தில் வைத்துச் சோதிக்கவேண்டும். ஒப்பீட்டு மாதிரி என்பது இதுதான். இந்தப் பதிவில் வரும் பிழைகளில் முக்கால்வாசி அது இல்லாததால் வந்தவை.

வழக்கை அமைத்த விதம்

இறந்தவர் கருவாட்டு வியாபாரி. பழைய சட்டை, கைலிக்குள் வைக்கோல் திணித்த பொம்மை. கரையில் ஏற்றி வைத்த ஃபைபர் வள்ளத்தின் பக்கத்தில், தலையில் அடிபட்டுக் கிடக்கிறார். சந்தேகத்துக்கு உரியவர் நால்வர்: வியாபாரப் பங்காளி, கடன் கொடுத்தவர், வண்டி ஓட்டுநர், ஐஸ்கட்டி போடுபவர். எவருக்கும் பெயர் வைக்கவில்லை. ஊர்ப் பெயரோ குடும்பப் பெயரோ சூட்டினால் அது யாரையாவது சுட்டும். சின்ன ஊர்களில் இது தீராத மனத்தாங்கலாகிவிடும். தற்கொலை, பாலியல் குற்றம், உண்மையில் நடந்த உள்ளூர்ச் சம்பவம் ஆகிய மூன்றும் வேண்டவே வேண்டாம்.

விடை ஒரு கவரில், அரக்கு வைத்து, தலைமை ஆசிரியர் அறையில் இருக்கட்டும். அமைத்தவர் வழிகாட்டியாக இருக்கக்கூடாது. விடை தெரிந்தவரின் முகமே மாணவர்களுக்குத் துப்பாகிவிடும்.

முன்கூட்டியே மூன்று இடத்தில் எழுத்தில் சொல்லிவிட வேண்டும்: காவல் நிலையம், ஊராட்சி, வள்ளங்கள் நிற்கும் கரையின் மீனவர் சங்கம். கடலோரக் காவல்படை ரோந்து வரும் கரை இது. மணலில் சிவப்புக் கறையும் கிடக்கும் உருவமும் படகிலிருந்து பார்ப்பவர்களுக்கு நிஜமாகத்தான் தெரியும். ‘பள்ளிப் பயிற்சி’ என்று இரண்டடி உயரப் பலகை கடல் பக்கம் ஒன்று, சாலைப் பக்கம் ஒன்று.

இதெல்லாம் நிஜத்தில் நடக்குமா என்று கேட்கும் மாணவருக்குச் சொல்ல உச்சிப்புளி வழியாகப் போகும் ரயில் பாதையிலேயே ஒரு வழக்கு உண்டு. 1952 இல் சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்துகொண்டிருந்த ரயிலில் துர்நாற்றம் அடித்த டிரங்குப் பெட்டி ஒன்றை மானாமதுரையில் இறக்கித் திறந்தார்கள். உள்ளே தலையில்லாத உடல். தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. ஆளவந்தார் கொலை வழக்கு என்று இன்றும் பேசப்படுவது அதுதான். இன்றைக்குச் சட்டமே மாறிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 176(3) பிரிவு, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை தரத்தக்க குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வரவேண்டும், தடயம் சேகரிப்பதைக் காணொளியாகப் பதியவேண்டும் என்கிறது. மாணவர் குழுவில் ஒருவர் முழு நேரமும் காணொளி எடுத்தது இதை ஒட்டியே.

முதல் இருபது நிமிடம்

இந்த இருபது நிமிடமும் யாரும் எதையும் தொடக்கூடாது. பார்ப்பது, படம் எடுப்பது, எழுதுவது மட்டும். போலீஸ் வழக்கில் இருக்கும் அதே பெயர்களைத்தான் பயன்படுத்தினோம்: பார்வை மகஜர் (சம்பவ இடத்தில் கண்டதை எழுதும் பதிவு), மாதிரி வரைபடம், கைப்பற்றுதல் மகஜர் (எடுத்த பொருள்களின் பதிவு). ஒவ்வொரு மகஜரிலும் குழுவைச் சேராத இரண்டு சாட்சிகளின் கையெழுத்து வேண்டும். ‘ரத்தக்கறை’ என்று எழுதியவர்களை ‘சிவப்பு நிறக் கறை’ என்று திருத்தி எழுதச் சொன்னோம். அது ரத்தமா என்பது இன்னும் தெரியாது அல்லவா?

வரைபடத்தில் கரைக்கே உரிய சிக்கல் ஒன்று வரும். அறைக்குள் சுவரிலிருந்து அளக்கலாம். கடற்கரையில் எதிலிருந்து அளப்பது? இரண்டு குழுக்கள் அலைக்கோட்டிலிருந்தும் வள்ளத்தின் அணியத்திலிருந்தும் (முன்முனை) அளந்தன. அலைக்கோடு மதியத்துக்குள் நகர்ந்தது. வள்ளம் மறுநாள் விடிகாலையில் தொழிலுக்குப் போய்விட்டது. அந்த இரண்டு வரைபடங்களையும் வைத்துக்கொண்டு பொம்மை கிடந்த இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியவில்லை. மற்ற இரண்டு குழுக்கள் எண் போட்ட மின்கம்பத்தையும் ஒரு சவுக்கு மரத்தையும் நிலைப்புள்ளிகளாக எடுத்து, ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டிலிருந்தும் தூரம் எழுதியிருந்தன. 30 மீட்டர் நாடாவால் மறுநாள் சரிபார்த்தபோது கையகல வித்தியாசத்துக்குள் இடம் கிடைத்தது. கைபேசி காட்டும் இருப்பிடம் சில மீட்டர் தள்ளிக் காட்டும். நாடாவுக்கு அது மாற்றில்லை.

இன்னொன்று, நண்டு. இரவில் பதித்து வைத்த காலடித் தடத்தின் ஓரத்தில் காலைக்குள் வளை தோண்டியிருந்தது. தடங்களை வைத்ததும் அகலமான பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்து, மேலே கல் வைக்கவேண்டும். ஆட்டுக்கும் நாய்க்கும் அதுவே காவல்.

காலடி வார்ப்பு

முதலில் படம். காலை 6.30 முதல் 7.30 வரை வெயில் சாய்வாக விழும்போது தடத்தின் மேடுபள்ளம் நிழலோடு எழும்பித் தெரியும். எட்டு மணிக்கு மேல் தட்டையாகிவிடும். கேமரா தடத்துக்கு நேர்மேலே செங்குத்தாக இருக்கட்டும். அளவுகோலை மணல் மட்டத்தில் வைக்காமல், பக்கத்தில் சிறு பள்ளம் பறித்துத் தடத்தின் அடிமட்டத்துக்கு இறக்கி வைக்கவும். மேலே வைத்தால் கோல் கேமராவுக்குக் கிட்டத்தில் இருக்கும், தடம் தூரத்தில் இருக்கும். படத்தில் தடம் உள்ளதைவிடச் சின்னதாக அளவாகும்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வன்பொருள் கடையில் கிடைப்பதே போதும். ஒரு காலடிக்கு 30 × 12 செ.மீ. சட்டத்துக்குள் 3 செ.மீ. கனம் என்றால் ஒரு லிட்டருக்குச் சற்று மேல் கொள்ளும். ஒரு கிலோ பொடியும் 650 மி.லி. தண்ணீரும் கலந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் கூழ் கிடைக்கும். ஆகவே தடம் ஒன்றுக்கு ஒன்றேகால் கிலோ பொடி எடுத்து வைக்கவும். தண்ணீரில்தான் பொடியைத் தூவவேண்டும். பொடியில் தண்ணீர் ஊற்றினால் கட்டி கட்டும். தூவி ஒரு நிமிடம் ஊறவிட்டு, குமிழி எழாமல் மெதுவாகக் கிண்டினால் தோசை மாவுப் பதம் வரும்.

மாணவர்கள் வாளியில் கடல்நீரை முகந்து கலந்தார்கள். கைக்கெட்டும் தூரத்தில் கடல் இருக்கும்போது யாருக்கும் அப்படித்தான் தோன்றும். கூழ் ஊற்றுவதற்குள்ளேயே இறுகத் தொடங்கி, செருப்பின் வரிகளுக்குள் இறங்காமல் மேலேயே நின்றுவிட்டது. கடல்நீரில் இருக்கும் அளவு உப்பு பிளாஸ்டர் இறுகுவதை விரைவுபடுத்தும். தப்பிப் பிழைத்த ஒரு வார்ப்பிலும் காய்ந்த பிறகு உப்புப் பூத்து மேல்தோல் மாவாக உதிர்ந்தது. குடிநீர்க் கேன் ஒன்றைக் கரைக்குக் கொண்டுபோவது கட்டாயம்.

பொடியும் கெடும். வாய் திறந்த மூட்டை கடற்காற்றில் சில வாரம் இருந்தால் ஈரம் குடித்து, கலந்தபின் சரியாக இறுகாமல் உதிரும். முந்தின நாளே 50 கிராமைக் கலந்து பார்க்கவும். கால் மணி நேரத்தில் நகம் இறங்காத அளவுக்கு இறுகி, கையில் சூடு தெரிந்தால் பொடி நல்லது.

உலர்ந்த மணலில் பதிந்த தடத்தில் நேரே ஊற்றினால் கூழின் கனத்தில் ஓரம் சரிந்துவிடும். முடிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை அரை மீட்டர் தள்ளி, தடத்துக்கு மேலே காற்றில் அடித்து, அது தானாகப் படியும்படி மூன்று முறை, நடுவில் இரண்டு நிமிடம் விட்டு அடிக்கவேண்டும். தடத்தை நோக்கி அடித்தால் காற்றழுத்தமே மணலைக் கிளப்பும். கச்சான் நாளில் இரண்டு பேர் தார்ப்பாயை மறைப்பாகப் பிடித்துக்கொள்ளட்டும். தகரப் பட்டையைச் சுற்றிலும் நிறுத்தி, தடத்துக்கு வெளியே ஒரு கரண்டியின் முதுகில் ஊற்றி வழியவிடவேண்டும். பாதி ஊற்றியதும் நாலைந்து பனை ஈர்க்குகளைக் குறுக்கே படுக்கவைத்து மீதியை ஊற்றினால் தூக்கும்போது நடுவில் ஒடியாது.

நீர்க்கோட்டருகே தடத்துக்குள் தண்ணீர் நின்றால் அதை முகந்து எடுக்கக்கூடாது. உலர்ந்த பொடியைச் சல்லடையில் சலித்து அந்த நீரிலேயே தூவி, அடியில் ஒரு படலம் அமர்ந்தபின் சற்றுக் கெட்டியான கூழை ஊற்றவேண்டும்.

வார்ப்பு முதலில் சூடேறும், பிறகு ஆறும். ஆறியதைக் கையால் தொட்டு உறுதி செய்தபின், முக்கால் மணி நேரம் கழித்து, சுற்றிலும் மணலைப் பறித்து அடியிலிருந்து தூக்கவும். ஒட்டியிருக்கும் மணலை அன்றே தேய்த்தால் வரியும் சேர்ந்து போய்விடும்.

காலின் நீளத்திலிருந்து உயரம் சொல்வதில் மாணவர்களுக்குப் பெரிய ஆர்வம். வெறுங்காலின் நீளம் உயரத்தில் சுமார் 15 சதவீதம், 24 செ.மீ. என்றால் 160 செ.மீ. ஆனால் மென்மணலில் கால் முன்பின் சறுக்கித் தடம் ஒரு செ.மீ. நீண்டாலே உயரக் கணக்கு கிட்டத்தட்ட 7 செ.மீ. கூடும். குழுவினர் தங்கள் கால்களையே ஈரமணலிலும் உலர்மணலிலும் பதித்து ஒப்பிட்ட பிறகு, உயரத்தை ஒற்றை எண்ணாக எழுதாமல் வரம்பாக எழுதினார்கள். செருப்பின் வரிக்கோலம் ஒரே கடையில் வாங்கிய நூறு பேருக்கும் பொது. குதிகாலில் சிப்பி கீறிய வெட்டு ஒருவருக்கே உரியது. ஓட்டுநரின் செருப்பில் அந்த வெட்டை வைத்திருந்தோம்.

எதெல்லாம் ரத்தம்

வள்ளப் பலகையில் ஒரு கறை, ஐஸ்காரரின் சட்டையில் ஒரு கறை. மனித ரத்தம் எந்தக் காரணத்தாலும் பயன்படுத்தக்கூடாது; மாணவர்களின் விரலில் குத்தவும் கூடாது. பலகையில் இருந்தது உருளைக்கிழங்குச் சாறும் உணவுச் சாயமும். கிழங்கில் உள்ள கேட்டலேஸ் நொதி ரத்தத்தைப் போலவே ஹைட்ரஜன் பெராக்சைடை நுரைக்க வைக்கும். ஐஸ்காரரின் சட்டையில் இருந்தது நிஜ மீன் ரத்தம். மருந்துக் கடையில் கிடைக்கும் 6 சதவீதப் பெராக்சைடில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து 3 சதவீதமாக்கி, பஞ்சுக்குச்சியில் எடுத்த கறையில் இரண்டு துளி. கண்ணாடியும் கையுறையும் அணிந்தே செய்யவேண்டும். சாற்றை முந்தின மாலை தடவி நிழலில் காயவைத்த பலகை காலையிலும் நன்றாக நுரைத்தது. வெயிலில் காயவைத்ததில் நுரை சன்னமாகவே வந்தது.

நுரை வந்ததும் எல்லாக் குழுவும் ஐஸ்காரரைப் பிடித்துவிட்டது. இங்கேதான் ஒப்பீட்டு மாதிரி வேலை செய்தது. சம்பவத்தோடு தொடர்பில்லாத இன்னொரு வள்ளத்தின் பலகை, மீன் வெட்டும் கட்டை, வலை உலர்த்தும் சாக்கு மூன்றிலும் பஞ்சுக்குச்சியால் எடுத்துச் சோதிக்கச் சொன்னோம். மூன்றும் நுரைத்தன. மீன்பிடிக் கரையில் இந்தச் சோதனை ‘ஆம்’ என்று சொல்வதால் எதுவும் நிரூபணமாவதில்லை. ‘இல்லை’ என்று சொன்னால் மட்டுமே கொஞ்சம் பயன். நிஜ ஆய்வகங்களில் பயன்படும் காஸ்ட்லே–மேயர் சோதனைக்கும் இதே நிலைதான். அது ரத்தத்தின் ஹீமோகுளோபினால் இளஞ்சிவப்பாகும். மீன் ரத்தத்துக்கும் ஆகும், முள்ளங்கி போன்றவற்றின் நொதிக்கும் ஆகக்கூடும்.

மனித ரத்தமா, விலங்கு ரத்தமா என்று பிரித்துக் காட்டும் வழியை 1901 இல் ஜெர்மனியின் பால் உலென்ஹூத் தந்தார். மனிதப் புரதத்துக்கு எதிரான சீரத்தோடு கறைச்சாறு சந்திக்கும் இடத்தில் வெள்ளை வளையம் தோன்றும். பள்ளியில் அதே காட்சியைச் சலவைச் சோடாவும் கால்சியம் குளோரைடும் காட்டும். சோதனைக்குழாயின் அடியில் 5 சதவீதக் கால்சியம் குளோரைடு 1 மி.லி.; அதன்மேல் துளிசொட்டியால் குழாயின் சுவரோரம் வழியவிட்டு ‘மனிதச் சாறு’, அதாவது 2 சதவீதச் சோடாக் கரைசல். இரண்டும் கலக்காமல் நின்றால் நடுவில் வளையம் தெளிவாக எழும். ‘மீன் சாறு’ சாயம் கலந்த வெறும் நீர், வளையம் வராது.

இதில் இரண்டு தவறு நடந்தது. சோடாவை முதலில் பலகைக் கறையிலேயே கலந்திருந்தோம். காரம் ஏறியதால் நொதி முடங்கி நுரையே எழவில்லை. கறை வேறு, சாறு வேறு என்று பிரிக்கவேண்டியிருந்தது. அடுத்து, ‘சாறு’ கலக்க ஆழ்குழாய்த் தண்ணீர் எடுத்த குழுவுக்குக் கலக்கும்போதே குழாய் முழுவதும் பால்போல ஆகிவிட்டது. இந்தக் கரையின் நிலத்தடி நீரில் கால்சியமும் மக்னீசியமும் நிறைய. அவை சோடாவோடு சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிட்டன. பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீர் (உப்புகள் நீக்கிய நீர்) ஐந்து லிட்டர் கேன் வாங்கியபின் சரியானது.

நுண்ணோக்கியில் பார்க்க ஓர் அருமையான பயிற்சி உண்டு, அதற்குக் கடலோரப் பள்ளியைவிட வசதியான இடம் கிடையாது. விடிகாலையில் கரை வந்த மீனின் செவுளிலிருந்து ஒரு துளி ரத்தம்; கண்ணாடித் தகட்டில் வைத்து, இன்னொரு தகட்டை 30 முதல் 45 பாகை சாய்த்து ஒரே இழுப்பில் தள்ளி, காற்றில் காயவிட்டு, ரத்த அணுக்களுக்கு நிறமேற்றும் லீஷ்மன் சாயம் பத்துத் துளி. இரண்டு நிமிடம் கழித்து இருமடங்கு தாங்கல் கரைசல் (பஃபர்) சேர்த்து எட்டு நிமிடம் விட்டு அலசவும். மீனின் சிவப்பணு நீள்வட்டம். நடுவில் ஊதாப் பொட்டாக உட்கரு தெரியும். ஆய்வகத்தில் இருக்கும் மனித ரத்தத் தகட்டில் சிவப்பணுக்கள் வட்டமாக, உட்கரு இல்லாமல் இருக்கும். ஐஸில் கிடந்த மீன் உதவாது, அணுக்கள் சிதைந்திருக்கும். காயும் முன் நல்ல தண்ணீர் பட்டாலும் அணுக்கள் உப்பி வெடித்துவிடும். பழைய உலர்ந்த கறைக்கு இந்த வழி நம்பகமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

தெறிப்பு

தெறிப்புக்கான போலி ரத்தம்: தண்ணீர் 60 கிராம், கிளிசரின் 40 கிராம், சிவப்பு உணவுச் சாயம். இந்தக் கலவையின் பாகுநிலை நம் ஊர் வெப்பத்தில் தண்ணீரைப்போல மூன்று மடங்கு இருக்கும். ரத்தத்துக்குக் கிட்டத்தில் வருகிறது. வெறும் சாயத் தண்ணீர் தெறித்து மீசை மீசையாகப் பிரியும், அளக்க முடியாது. மணலில் விழுந்த துளி உறிஞ்சப்பட்டுவிடும். வழவழப்பான அட்டையிலோ வள்ளத்தின் ஃபைபர் பக்கத்திலோதான் செய்யவேண்டும்.

துளி விழுந்த கோணத்தின் சைன் மதிப்பு, கறையின் அகலத்தை நீளத்தால் வகுத்த ஈவு. 6 மி.மீ. அகலம், 12 மி.மீ. நீளம் என்றால் 30 பாகை. வாலை நீளத்தில் சேர்க்கக்கூடாது, எல்லாரும் சேர்ப்பார்கள். கவனிக்க வேண்டியது, ஈவு 0.50 இலிருந்து 0.55 ஆனால் கோணம் 30 இலிருந்து 33 பாகைக்குத்தான் போகும், 0.95 இலிருந்து 1.00 ஆனால் 72 இலிருந்து 90 பாகைக்குத் தாவும். ஆகவே வட்டத்துக்கு நெருங்கிய கறைகளைக் கணக்கில் சேர்க்காமல், நீண்ட கறைகளாகப் பத்துப் பொறுக்கி, ஒவ்வொன்றிலிருந்தும் தூண்டில் நரம்பைக் கட்டி இழுத்தால் அடிபட்ட உயரம் ஒரு கூடைப்பந்து அளவு இடத்துக்குள் குறுகும்.

கைரேகை

1897 இல் கல்கத்தாவில் தொடங்கிய கைரேகைப் பிரிவில் அசிசுல் ஹக்கும் ஹேமச்சந்திர போஸும் உருவாக்க உதவிய வகைப்பாட்டின் மேல்தான் உலகின் பல நாட்டுக் காவல்துறைகள் நெடுங்காலம் நின்றன. மாணவர்களுக்கு இதைச் சொல்லி, முதலில் அவரவர் பத்து விரலையும் பதித்துக் கண்ணி, சுழல், வில் என்று பிரிக்கவிட்டோம்.

கரும்பொடிக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. ராமநாதபுரத்தில் சீமைக் கருவேலங் கரிக்குப் பஞ்சமா? நன்றாக எரிந்த கரியை அம்மியில் அரைத்து, மல்துணியில் இரண்டு முறை சலித்து, வெயிலில் ஒரு நாள் உலர்த்திச் சீசாவில் அடைத்தால் தீர்ந்தது. கன்னத்துக்குப் பவுடர் போடும் மென்தூரிகையின் நுனியில் மட்டும் தொட்டு, ரேகை ஓடும் திசையிலேயே வருடவேண்டும். அழுத்தினால் ரேகை அழியும். கரையில் வைத்து இதைச் செய்தால் தோற்கும். உப்புப் படிந்த கண்ணாடி காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். பொடி ரேகையில் மட்டும் ஒட்டாமல் எங்கும் அப்பும். பொருளை அட்டைப்பெட்டியில், விளிம்பு மட்டும் தொடும்படி நிறுத்தி, அறைக்குக் கொண்டுபோய், மின்விசிறி இல்லாமல் சில மணி நேரம் விட்டபின் செய்யவும்.

கடலில் வீசப்பட்ட தண்ணீர் பாட்டில்தான் வழக்கின் முக்கியத் தடயம். நீரில் கரையும் வியர்வை போய்விடும், கொழுப்பு நிற்கும். பேரிங் கடையில் கிடைக்கும் மாலிப்டினம் டைசல்பைடு பொடி 10 கிராம், தண்ணீர் 1 லிட்டர், பாத்திரம் கழுவும் திரவம் சில துளி. குலுக்கி, ஈரப் பாட்டிலின் மேல் ஊற்றி, அரை நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரில் மெதுவாக அலசினால் சாம்பல் நிறத்தில் ரேகை நிற்கும். ஒரு மணி நேரம் கடல்நீரில் முக்கிய பாட்டிலில் கரிப்பொடி ஒன்றும் காட்டவில்லை, இது காட்டியது. காய்ந்தபின் ஒட்டுநாடாவில் எடுக்கலாம்.

ஃபெவிக்விக் ஆவி முறையை ஆசிரியர் மட்டும் செய்யவேண்டும், ஜன்னலைத் திறந்துவைத்து. மூடிய பெட்டி, அலுமினியத் தாளில் ஐந்தாறு துளி, தாளின் அடியில் சுடுநீர் டம்ளர், அரை மணி நேரம். அடுப்பிலோ நெருப்பிலோ சூடாக்கினால் நச்சுப் புகை வரும். புத்தகம் சொல்லும் ஈரப்பதக் கிண்ணம் இங்கே தேவையில்லை. அந்த ஈரம் நம் காற்றிலேயே இருக்கிறது. அந்தக் கிண்ணத்தையும் வைத்த பெட்டியில் பாட்டில் முழுவதும் வெள்ளை பூத்து ரேகை மூழ்கிப்போனது.

வழக்கின் இன்னொரு தடயமான கடன் சீட்டுக்கு நின்ஹைட்ரின், 100 மி.லி. அசிட்டோனில் அரை கிராம். ஒரு நாளில் ஊதா ரேகை வரும். ஆனால் கடல்நீரில் நனைந்த தாளுக்கு இது பலிக்காது. நின்ஹைட்ரின் நிறமேற்றும் வியர்வையின் அமினோ அமிலங்கள் நீரோடு போயிருக்கும். சீட்டின் பேனா மையைப் பிரித்துப் பார்ப்பதில் விசேஷம் ஒன்றுமில்லை. பால்பாயின்ட் மை தண்ணீரில் ஏறாது, சானிடைசரில் ஏறும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

விரல் ரேகையே தேய்ந்த கைகள் இந்தக் கரையில் நிறைய. வலைக்கயிறு இழுத்தும் உப்பு அள்ளியும் தேய்ந்தவை. ரேகை தெளிவாக இல்லை என்பதால் அவர் தொடவில்லை என்று எழுதக்கூடாது.

கயிறும் முடிச்சும்

பொம்மையின் கையில் கட்டிய கயிற்றை இரண்டு குழுக்கள் அவிழ்த்துவிட்டன. முடிச்சும் தடயம்தான். முடிச்சுக்கு எதிர்ப்பக்கம் வெட்டி, வெட்டிய இரு முனைகளையும் வெள்ளை நூலால் இணைத்துக் கட்டி அட்டை தொங்கவிட வேண்டும். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் படத்தைப் பார்த்ததும், “தம்பி, இது வலைக்காரன் போட்ட முடிச்சு இல்ல. கைப்பழக்கம் இருக்கவன் இப்படிக் கோணலா விடமாட்டான்” என்றார். மாணவர்கள் அதைச் சாட்சி வாக்குமூலமாக எழுதிக் கையெழுத்தும் வாங்கினார்கள்.

கயிற்றின் வகையை முதலில் நீரில் பார்க்கவும்: பாலிப்ரோப்பிலீன் மிதக்கும், நைலான் மூழ்கும். குமிழி ஒட்டினால் நைலானும் மிதப்பதுபோலத் தெரியும். இரண்டு துளி சோப்பு விடவும். எரித்துப் பார்ப்பது கடைசி. எரித்தால் தடயம் குறையும்.

செருப்பு மணலும் சட்டை உப்பும்

ஓட்டுநர் தென்கரையில், புதுமடம் பக்கம் இருந்ததாகச் சொல்கிறார். அவர் செருப்பில் ஒட்டிய மணல் எந்தக் கரையுடையது? மணலில் சிப்பித்தூள் எவ்வளவு என்பதை அமிலம் சொல்லும். மணலை முதலில் பேட்டரி தண்ணீரில் மூன்று முறை கழுவி உலர்த்தவும். உப்போடு எடை போட்டால் அந்த உப்பும் சிப்பிக் கணக்கில் சேரும். 2 கிராம் மணலுக்கு 2 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 30 மி.லி.; இது 3 கிராம் வரை கால்சியம் கார்பனேட்டைக் கரைக்கும் என்பதால் மணல் முழுக்கச் சிப்பியானாலும் அமிலம் மிஞ்சும். 10 மி.லி. ஊற்றினால் 1 கிராமோடு நின்றுவிடும், கணக்கு பாதியில் முடியும். நுரை முழுதும் அடங்கியபின் வடிகட்டி, கழுவி, உலர்த்தி எடை பார்க்கவும். 2.00 கிராம் 1.64 ஆனால் சிப்பி 18 சதவீதம். வினிகர் மிக மெதுவாகக் கரைக்கும். பள்ளிப் பொழுதுக்குள் முடியாது.

ஒரு கரைக்கு ஒரு மாதிரி எடுத்த குழுக்கள் உடனே தீர்ப்பு எழுதின. அதே கரையில் நீர்க்கோடு, நடுக்கரை, சவுக்கு மரத்தடி என்று பத்தடி தள்ளித் தள்ளி ஐந்து இடத்தில் எடுத்துச் செய்யச் சொன்னபோது, ஒரே கரைக்குள்ளேயே எண்கள் நன்றாக விலகின. அந்த விலகலைவிட இரு கரைகளுக்கு நடுவிலான வேறுபாடு பெரிதாக இருந்தால்தான் பேச்சுக்கே இடம். மாதிரிக்கு 50 கிராம் போதும். பவளத் துண்டு கண்ணில் பட்டால் எடுக்கக்கூடாது. செத்த பவளமானாலும் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது.

சட்டை இன்னும் நல்ல பாடம். பங்காளி தான் ஊருணியில் விழுந்ததாகச் சொல்கிறார். சட்டையை 1 லிட்டர் பேட்டரி தண்ணீரில் அலசி, அதில் 100 மி.லி. காய்ச்சி வற்றவிட்டு எஞ்சியதை எடை பார்ப்பதுதான் முறை. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. பருத்திச் சட்டை 300 மி.லி. கடல்நீரைப் பிடித்துக் காய்ந்தால் 10 கிராம் உப்பு தங்கும், 100 மி.லி. அலசலில் 1 கிராம் எஞ்சவேண்டும். எஞ்சிய தூளில் உப்பு இருப்பதைக் கண்டதும் பங்காளி பொய் சொல்கிறார் என்று மூன்று குழுக்கள் எழுதின. நான்காவது குழுவில் ஒரு மாணவி, கரையோர வீட்டுக் கொடியில் இரண்டு நாள் கிடந்த சட்டையையும் ஊருணி நீரில் முக்கிக் காயவைத்த சட்டையையும் கேட்டு வாங்கி அதே மாதிரி அலசினார். இரண்டிலும் உப்பு இருந்தது; ஆனால் 0.1 கிராமுக்கும் கீழே. பங்காளியின் சட்டையும் அதே அளவில்தான் நின்றது. ஓட்டுநரின் சட்டையில் 0.8 கிராம். 0.01 கிராம் காட்டும் தராசு இல்லாமல் இதைச் செய்ய முடியாது. தராசுக்குக் கடற்காற்று படக்கூடாது.

ஈரச் சட்டையைப் பிளாஸ்டிக் பையில் போட்டால் மறுநாளே பூசணம். நிழலில், கீழே புதுத் தாள் விரித்து உலர்த்தி, பழுப்புக் காகிதக் கவரில் போடவும். செல்லோடேப் உப்புக்காற்றில் உரிந்துவிடும். பசைநாடாவின் குறுக்கே கையெழுத்து, மேலே அரக்கு. யார் கையிலிருந்து யார் கைக்கு, எத்தனை மணிக்கு என்ற கைமாற்றுச் சீட்டு கவரின் மேலேயே ஒட்டியிருக்கட்டும். ஒரு குழுவின் சீட்டில் மதியம் இரண்டு மணி நேரம் பாட்டில் யாரிடம் இருந்தது என்று எழுதவில்லை. மூன்றாம் நாள் வாதத்தில் எதிர்க்குழு அதைப் பிடித்தது. நல்ல ரேகை இருந்தும் அந்தப் பாட்டிலை ஒதுக்கவேண்டியதாயிற்று.

அறிக்கையும் எடுத்து வைப்பும்

ஒவ்வொரு தடயத்துக்கும் நான்கு சொற்களில் ஒன்றையே பயன்படுத்த அனுமதித்தோம்: பொருந்தவில்லை, வேறுபடுத்த முடியவில்லை, பொருந்துகிறது, சொல்ல இயலாது. ‘இவரே கொலையாளி’ என்பது ஆய்வாளர் எழுதும் சொல் அல்ல. மணலுக்கு மூன்று குழுக்கள் ‘வேறுபடுத்த முடியவில்லை’ என்று எழுதின, சரி. குதிகால் வெட்டுக்கு ‘பொருந்துகிறது’. ஐஸ்காரரின் சட்டைக்கு ‘மீன் ரத்தத்திலிருந்து வேறுபடுத்த முடியவில்லை’. கவரைத் திறந்தபோது உள்ளே இருந்தது ஓட்டுநர்.

அடுத்த அணிக்கு மாற்ற வேண்டியவை: ஒப்பீட்டு மாதிரிகளுக்குத் தனி நிறக் கவர், முதல் நாளிலேயே. பிளாஸ்டர் மூட்டைக்கு மூடியுள்ள டிரம். நண்டுக்குத் தொட்டி குறைந்தது எட்டு வேண்டும், நான்கு போதவில்லை. கரையில் சிந்திய பிளாஸ்டர் சில்லுகளை அன்றே சல்லடை போட்டு எடுத்துவிடவும். காய்ந்தபின் காலில் குத்தும், வலையிலும் சிக்கும். வார்ப்புகளைச் செய்தித்தாளில் சுற்றாமல் கம்பிவலைத் தட்டில் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் எடை பார்க்கவும். உள்நாட்டில் இரண்டு நாளில் உலர்வது இங்கே ஆறேழு நாள் எடுத்தது. இரண்டு நாள் தொடர்ந்து எடை மாறாமல் நின்றபின் மென்தூரிகையால் மணலைத் துடைத்தால், குதிகால் வெட்டு நூல் கனத்துக்குத் தெளிவாக வரும்.